அடிக்கும் அடிக்கும் நடுவே: ஹாங்காங் சண்டைக் காட்சி உருவாகும் விதம்

ஜாக்கி சான் படமோ ஜெட் லீ படமோ பேச்சில் வந்துவிட்டால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "அத்தனையும் நிஜ அடி, டூப்பே கிடையாது" என்பது ஒரு கட்சி. "ரோப் கட்டிப் பறக்கிறான், எல்லாம் ஏமாற்று" என்பது மறு கட்சி. பார்க்கப்போனால் இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: இது நிஜமா, பொய்யா? அந்தக் கேள்வியோடு படத்துக்குள் போனால், ஹாங்காங்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த கைத்திறன் கண்ணில் படாமலே போய்விடும். அந்தத் திறனில் பெரும்பங்கு, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வரும் நிறுத்தத்தில் இருக்கிறது.

அந்த நிறுத்தம் எங்கிருந்து வந்தது, கேமரா அதை எப்படிப் பிடிக்கிறது, வாள் சண்டைக்குப் பிறந்த அது காதல் நகைச்சுவை வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இங்கே விளக்கப் பார்க்கிறேன். சண்டைக் கலை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## முதலில் பெயர்க் குழப்பம்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "கராத்தே படம்" என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். கராத்தே ஜப்பானின் ஒக்கினாவா தீவில் வளர்ந்த கலை. ஹாங்காங் படங்களில் கராத்தே வந்தால் பெரும்பாலும் எதிராளியிடம்தான் இருக்கும்.

ஹாங்காங் சண்டைப் படங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதலாவது வூஷியா: பழங்காலச் சீனாவில் நடக்கும் வாள்வீரர் கதை. அதில் வரும் வீரர்கள் கூரை மேல் ஓடுவார்கள், நீர்மேல் நடப்பார்கள். அந்தக் கதையுலகத்தில் கடும் பயிற்சி உடலை இலேசாக்கிவிடும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. 1928-இல் ஷாங்காயில் வெளியான ஒரு வூஷியா படம் சக்கைப்போடு போட்டு, மூன்றே வருடத்தில் பதினெட்டுப் பாகங்களாக நீண்டது. கடைசியில் 1931-இல் அரசு தடை போட்டது. ஆகவே பறக்கும் வீரர்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை.

இரண்டாவது குங்ஃபூ படம். இது பெரும்பாலும் வெறுங்கைச் சண்டை. காலமும் நமக்குக் கொஞ்சம் அருகில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். குரு, பயிற்சிக்கூடம், பரம்பரை, வஞ்சம் தீர்த்தல் இவைதான் கதை. குவாங்டுங் மாகாணத்தில் வாழ்ந்த வொங் ஃபெய் ஹுங் என்ற நிஜமான குருவைப் பற்றி 1949-இல் தொடங்கிய படவரிசையில் க்வான் டக் ஹிங் என்ற ஒரே நடிகர் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அதே குருவைத்தான் 1978-இல் ஜாக்கி சான் குறும்புக்கார இளைஞனாகவும், 1991-இல் ஜெட் லீ கண்ணியமான மருத்துவராகவும் நடித்தார்கள்.

ஜப்பானின் சாமுராய்ப் படங்கள் தனி மரபு. அவற்றில் நீண்ட காத்திருப்பும் ஒரே வெட்டும்தான் அதிகம். அவற்றை இங்கே தொடப்போவதில்லை.

சுருக்கமாக: வாளும் பறத்தலும் வந்தால் வூஷியா, முஷ்டியும் குருவும் வந்தால் குங்ஃபூ. வூஷியா படத்தைப் பார்த்து "இப்படிப் பறக்க முடியுமா?" என்று கேட்பது, புராணப் படத்தில் அனுமன் கடலைத் தாண்டியதற்குக் கணக்குக் கேட்பதற்குச் சமம்.

## அடி வாங்குகிறவரும் சேர்ந்துதான் ஆடுகிறார்

கோலாட்டம் ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். எதிரில் நிற்பவளின் கோலை ஓங்கி அடிப்பதுபோல்தான் பார்ப்பவருக்குத் தெரியும். உண்மையில் இருவரும் ஒரே தாளத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டு, ஒரே புள்ளியில், ஒரே நொடியில் கோலைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் அடி விரலில் விழும்.

சினிமாச் சண்டையும் அப்படித்தான். அடிக்கிறவருக்குச் சமமாக, சில நேரம் அவரைவிட அதிகமாகவே, அடி வாங்குகிறவர் உழைக்கிறார். எந்தத் தாளத்தில் தலை திரும்ப வேண்டும், எந்தக் காலில் எடை இருந்தால் பின்னால் சாயலாம், விழும்போது எந்தத் தோள் முதலில் தரையைத் தொட வேண்டும் என்று எல்லாம் முன்பே பேசி வைத்தது. நாயகனின் உதை பலமாகத் தெரிகிறது என்றால், பாதிப் பெருமை அந்தப் பெயர் தெரியாத சண்டைக் கலைஞருக்குத்தான் போக வேண்டும். படம் முடிந்து எழுத்து ஓடும்போது நான் ஸ்டண்ட் குழுவின் பெயர்களைத் தேடுவது இதனால்தான்.

ஆக "நிஜ அடியா?" என்ற கேள்விக்குப் பதில்: தொடுதல் நிஜம், சில நேரம் வலியும் நிஜம், ஆனால் சண்டை ஓர் உடன்படிக்கை.

## நிறுத்தம் எங்கிருந்து வந்தது?

மேடையிலிருந்து வந்தது. பீக்கிங் ஓபரா என்பது பாட்டு, வசனம், பாவனை, குட்டிக்கரணம், ஆயுதச் சண்டை எல்லாம் ஒன்றாகக் கலந்த சீன நாடகக் கலை. மேடையில் பெரும்பாலும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி மட்டும் இருக்கும். மத்தளமும் வெண்கலத் தாளங்களும் நடிகரின் ஒவ்வொரு அடியையும் நடத்திச் செல்லும். சண்டை உச்சத்துக்கு வரும்போது எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒலிக்க, நடிகர் சட்டென்று ஒரு நிலையில் சிலைபோல உறைந்து, சபையை நேராகப் பார்ப்பார். இந்த உறைநிலைக்கு லியாங் சியாங் என்று பெயர்.

ஜாக்கி சான் ஏழு வயதில் ஹாங்காங்கில் யூ ஜிம் யுவென் என்ற ஆசிரியரின் ஓபராப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஒப்பந்தம் பத்து ஆண்டு. சாம்மோ ஹுங், யுவென் பியாவ், யுவென் வா எல்லாம் அதே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள். மணிக்கணக்கில் தலைகீழாக நிற்பது, தவறினால் பிரம்படி என்று அங்கே கழிந்த சிறுவயதைப் பற்றி அவர்களே பிற்பாடு பேசியிருக்கிறார்கள். பிள்ளைகளை அப்படி வளர்த்ததை என்னால் கொண்டாட முடியாது. ஓபராவுக்குக் கூட்டம் குறைந்துபோன காலத்தில் அந்தப் பிள்ளைகள் வயிற்றுப் பிழைப்புக்கு சினிமா ஸ்டண்ட் வேலைக்கு வந்தார்கள். வரும்போது மேடையின் தாளமும் கூடவே வந்துவிட்டது.

அந்தத் தாளம் இதுதான்: நிறுத்தம், வெடிப்பு, நிறுத்தம். இருவரும் நிலைகொண்டு நிற்பார்கள். பிறகு ஐந்தாறு அடிகள் மின்னல் வேகத்தில். மறுபடி நிலை. அந்த அரை நொடியில் நம் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிடும்: யார் எங்கே நிற்கிறார், யாருக்கு வலி, யார் கையில் ஆயுதம், அடுத்து யார் பாயப்போகிறார். நிற்பதைப் பார்த்த கண்ணுக்குத்தான் பாய்வதன் வேகம் உறைக்கும். இடைவெளியே இல்லாமல் பத்து நிமிடம் அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே மனம் சலித்துவிடும்.

புரூஸ் லீ ஓபராப் பள்ளியில் படித்தவர் இல்லை. விங் சுன் என்ற குங்ஃபூ முறையை இப் மேனிடம் கற்றவர். 1958-இல் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியிலும் வென்றவர். 1972-இல் அவரே இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' படத்தில், ரோம் கொலோசியத்தில் சக் நாரிஸோடு மோதும் காட்சியைப் பாருங்கள். இருவரும் உடனே அடித்துக்கொள்வதில்லை. சட்டையைக் கழற்றுகிறார்கள், கை கால்களை நீட்டி மடக்குகிறார்கள், விரல் எலும்பைச் சொடுக்குகிறார்கள். ஒரு பூனைக்குட்டி ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. சண்டை தொடங்கியதும் லீ அடி வாங்கிக் கீழே விழுகிறார். எழுந்தவர் தாளத்தை மாற்றுகிறார். முன்னங்கால் துள்ள ஆரம்பிக்கிறது, அதன்பின் எதிராளியின் உதை எதுவும் அவரைச் சேர்வதில்லை. ஒரு வசனமும் இல்லாமல், எதிராளியின் தாளத்துக்கு ஆடாமல் தன் தாளத்துக்கு அவனை இழுத்ததுதான் வெற்றி என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

## கேமராவும் கத்திரியும்

மேடையில் நடிகர் நிறுத்தினால் போதும். சினிமாவில் அந்தத் தாளத்தைக் கேமராவும் எடிட்டிங்கும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். இங்கேதான் நம் ஊரில் ஸ்டண்ட் மாஸ்டர் என்று சொல்கிறவரின் இடம் வருகிறது. ஹாங்காங்கில் சண்டைக் காட்சி வந்தால் இயக்குநர் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்வார். கேமராவை எங்கே வைப்பது, எந்த லென்ஸ், எத்தனை அடிக்குப் பிறகு கட் என்று சகலமும் சண்டை இயக்குநர் கையில்.

ஹாலிவுட்டில் நெடுங்காலம் இருந்த வழக்கம் வேறு. மொத்தச் சண்டையையும் பல கோணங்களில் திரும்பத் திரும்ப எடுத்துக் குவித்துவிட்டு, எடிட்டர் மேசையில் பொறுக்கிச் சேர்ப்பார்கள். ஹாங்காங்கில் துண்டுதுண்டாக எடுப்பார்கள். இந்த நான்கு அசைவு இந்தக் கோணத்தில் மட்டுமே நன்றாகத் தெரியும் என்றால், அந்த நான்கு அசைவுக்கு மட்டும் ஒரு ஷாட். அது முடிகிற கைநிலையில் அடுத்த ஷாட் தொடங்கும். எந்த ஷாட்டிலும் வீண் அசைவு இருக்காது. கட் வேகமாக வந்தாலும் ஒவ்வொரு ஷாட்டும் தெளிவான ஒரே விஷயத்தைச் சொல்லும். கேமராவைக் குலுக்கி, அரை நொடிக்கொரு கட் போட்டு "வேகம்" காட்டும் சண்டைகளில் எனக்கு மூச்சு முட்டுவது, அங்கே யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாததால்தான்.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. படம் திரையில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அதை 22 ஃபிரேமில் எடுத்தால் அசைவு இயல்பைவிடச் சற்றே விரைவாகத் தெரியும். முஷ்டி நெஞ்சைத் தொடும் இடத்தில் கட் செய்து, அடுத்த ஷாட்டில் அதே தொடுதலை ஓரிரு ஃபிரேம் முன்னாலிருந்து மறுபடி காட்டுவார்கள். கண் இரண்டு முறை பார்த்ததை மனம் ஒரே அடியாக எடுத்துக்கொள்ளும், அடி கனமாகிவிடும். உடையில் தூளைத் தடவி வைத்தால் உதை விழும்போது புழுதி பறக்கும், தாக்கம் கண்ணுக்குத் தெரியும். பழைய ஹாங்காங் படங்களை ஒலிப்பதிவு இல்லாமல் எடுத்து, குரலையும் ஒலியையும் பிறகுதான் சேர்ப்பார்கள். அதனால்தான் கை வீசும் சத்தமும் அடி விழும் சத்தமும் ஓபராவின் தாள வாத்தியம்போல அத்தனை கச்சிதமாக விழுகின்றன.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க ஒன்று போதும்: நடிகரின் உடல் தொடங்கிய தாளத்தை ஷாட், கட், ஒலி மூன்றும் சேர்ந்து முடித்துவைக்கின்றன.

## ரோப் கட்டினால் ஏமாற்றா?

நடிகரின் உடைக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. அதிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி மேலே போய், கப்பியில் ஏறி இறங்கி, மறுமுனையில் நிற்கும் ஆட்களின் கைக்கு வரும். நடிகர் எழும்பும் நொடியில் அவர்கள் இழுக்க வேண்டும். இழுப்பு முந்தினால் பொம்மையைத் தூக்கியது போலிருக்கும், பிந்தினால் தரையில் கால் இழுபடும். அந்தரத்தில் தொங்கும்போது முகத்தில் வலி தெரியாமல், முதுகு வளையாமல், வாளை நேராகப் பிடித்திருப்பது நடிகரின் பாடு.

2000-இல் வந்த 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தின் மூங்கில் காட்டுச் சண்டை இதற்குச் சிகரம். இயக்கம் ஆங் லீ, சண்டை அமைப்பு யுவென் வூ பிங். ஜெஜியாங் மாகாணத்து அன்ஜி மூங்கில் காட்டில், கிரேன்களில் நடிகர்களைத் தொங்கவிட்டு எடுத்தார்கள். கம்பிகளைப் பிறகு கணினியில் அழித்தார்கள். அந்தக் காட்சியில் வாள்கள் மோதுவது மிகக் குறைவு. பெரியவர் ஒரு மூங்கில் நுனியில் அசையாமல் நிற்கிறார், சின்னப் பெண் எதிரில் தடுமாறுகிறாள், மூங்கில் வளைகிறது, இருவர் முகமும் பக்கத்தில் வருகிறது. அதே நிறுத்தம், வெடிப்பு, நிறுத்தம்தான். இங்கே நிறுத்தம் நீண்டுவிட்டது, வெடிப்பு சுருங்கிவிட்டது.

அந்தப் படத்தில் நடித்தவர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ நடனம் படித்தவர். சாங் சீயி பெய்ஜிங்கில் நடனம் பயின்றவர். சூனியக்காரிபோல வரும் வில்லியாக நடித்த செங் பெய் பெய், 1966-இல் கிங் ஹு இயக்கிய வூஷியா படத்தின் நாயகி. அவரும் பாலே கற்றவர். வூஷியா இயக்குநர்கள் மறுபடி மறுபடி நடனக்காரர்களைத் தேடிப் போனதற்குக் காரணம், தாளத்தில் நிற்கத் தெரிந்த உடல் அவர்களிடம் இருந்தது. படப்பிடிப்பில் மிஷெல் யோவின் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை வரை போனது. கம்பி இருந்தால் கஷ்டம் இல்லை என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

"டூப் இல்லை" என்ற பெருமை உண்மையில் வேறொன்றைப் பற்றியது: உயிரைப் பணயம் வைக்கும் ஸ்டண்ட். 1985-இன் 'போலீஸ் ஸ்டோரி'யில் ஜாக்கி சான் வணிக வளாகத்தின் உயரத்திலிருந்து விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்குகிறாரே, அது ஸ்டண்ட். ஒரே முறைதான் செய்ய முடியும் என்பதால் பல கேமரா வைத்து எடுத்து, படத்தில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதே ஜாக்கி சானும் சில இடங்களில் டூப் வைத்துக்கொண்டதுண்டு. அது குறையே இல்லை.

## சிரிப்புக்கும் அதே கணக்கு

நகைச்சுவை நடிகர் யாரைக் கேட்டாலும் டைமிங் என்பார்கள். ஜாக்கி சான் செய்தது, சண்டையின் நிறுத்தத்தைச் சிரிப்புக்கான இடமாக மாற்றியது. புரூஸ் லீ நிற்கும்போது மிரட்டல் தெரியும். ஜாக்கி நிற்கும்போது கை வலித்து உதறுவார். அடித்தவருக்கும் வலிக்கும் என்பதை அவர் மறைக்கவே இல்லை. நாற்காலி, ஏணி, சைக்கிள் என்று கைக்கு எட்டியது எல்லாம் சண்டைக்குள் வரும். அமெரிக்க மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டன் தன் ஆதர்சம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

## கணவன் மனைவிச் சண்டை, சொல்லர்த்தத்தில்

எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு இப்போது வரலாம். 1978-இல் லாவ் கார் லியுங் இயக்கிய 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்'. லாவ் நிஜமான குங்ஃபூ பரம்பரையில் வந்தவர்: அவருடைய தந்தையின் குரு, வொங் ஃபெய் ஹுங்கின் மாணவர். அப்படிப்பட்டவர் எடுத்த படம் ஒரு குடும்ப நகைச்சுவை.

பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். மாப்பிள்ளை சீனர், பெண் ஜப்பானியர். அவள் கராத்தே பயிற்சி என்று வீட்டுச் சுவரையும் முற்றத்தையும் உடைத்து நொறுக்குகிறாள். உன் ஊர் கலையா என் ஊர் கலையா என்று வாய்ச்சண்டை, அது கைச்சண்டையாகிறது. அவள் எடுக்கும் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அவன் ஒரு சீன ஆயுதத்தை எடுக்கிறான். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போய்விடுகிறாள். அவளை வரவழைக்க அவன் சவால்விட்டு ஒரு கடிதம் எழுத, அது ஜப்பானியக் குருமார்களின் கையில் கிடைக்கிறது. ஒட்டுமொத்த ஜப்பானியக் கலையையே இழிவுபடுத்திவிட்டான் என்று நினைத்து ஏழு பேர் கப்பலேறி வந்துவிடுகிறார்கள்.

அவர்களில் வாள்வீரர் ஒருவர் தோற்றதும் தன் வாளை மரியாதையாக நீட்டுகிறார். நாயகனுக்கு அந்த வழக்கம் தெரியாது, வாங்க மறுத்துவிடுகிறான். பெரிய அவமானமாகிவிடுகிறது. மனைவி பிறகுதான் அதை எடுத்துச் சொல்கிறாள். சண்டைக்கு மட்டுமல்ல, கல்யாணத்துக்கும் எதிராளியின் முறை தெரிந்திருக்க வேண்டும் என்று லாவ் ஒரு வாளை வைத்தே காட்டிவிடுகிறார். இத்தனை மோதலிலும் ஒருவர்கூடச் சாவதில்லை; வஞ்சமும் ரத்தமும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் காலத்து ஹாங்காங்கில் இது அபூர்வம்.

இன்னொரு படி போனால் முஷ்டியே தேவையில்லை. ஜானி டோ 1999-இல் 'தி மிஷன்' என்ற துப்பாக்கிப் படம் எடுத்தார். வணிக வளாகத்தில் நடக்கும் மோதலில் மெய்க்காவலர்கள் ஐவரும் தூண்களுக்கு நடுவே ஆளுக்கொரு திசை பார்த்து அசையாமல் நிற்பார்கள். குண்டு வெடிப்பது கொஞ்சம்தான். அடுத்த வருடமே அவர் வாய் கா ஃபாயோடு சேர்ந்து 'நீடிங் யூ' என்ற அலுவலகக் காதல் நகைச்சுவையை எடுத்தார். ஆண்டி லாவ் மேலாளர், சாம்மி செங் கீழே வேலை பார்ப்பவர்; மனம் பதறினால் எதையாவது தேய்த்துக் கழுவ ஆரம்பித்துவிடும் பெண். ஒரு பார்வை, ஒரு தயக்கம், பிறகு கொட்டித் தீர்க்கும் பேச்சு, மறுபடி ஒரு தயக்கம். துப்பாக்கிப் படத்தில் பார்த்த அதே கணக்கை இங்கே முகங்களில் பார்க்கலாம்.

## எதில் தொடங்கலாம்?

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'டிரங்கன் மாஸ்டர்' (1978). சிரித்துக்கொண்டே தாளம் பிடிபட்டுவிடும். அதில் குடிகாரக் குருவாக வருபவர் யுவென் சியு தியன். படத்தை இயக்கிய யுவென் வூ பிங்கின் தந்தை, பழைய ஓபரா நடிகர். (யுவென் பியாவும் யுவென் வாவும் இந்தக் குடும்பம் இல்லை, அவர்கள் பெயரில் வரும் 'யுவென்' ஓபரா ஆசிரியர் யூ ஜிம் யுவெனின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது.) அடுத்து 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்', பிறகு மூங்கில் காடு, பிறகு 'நீடிங் யூ'. ஏதாவது ஒரு சண்டையைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, உடல்கள் எங்கே நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள். அடிகளை எண்ண வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஷா பிரதர்ஸ் நிறுவனத்தின் பழைய படங்கள் அகலத் திரைக்காக எடுக்கப்பட்டவை. இரண்டு பேரையும் தலை முதல் கால் வரை ஒரே ஷாட்டில் காட்டுவதற்காகவே அந்த அகலத்தைப் பயன்படுத்தினார்கள். பழைய வீடியோ கேசட்டுக்காகவும் டிவிக்காகவும் இரண்டு ஓரத்தையும் வெட்டிய பிரதிகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றில் உதைக்கிற கால் இருக்கும், உதை வாங்குகிறவர் இருக்கமாட்டார். படம் சதுரமாகத் தெரிந்தால் மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.